முதல் வரி இல்லாத கணக்கு

கணக்கு டீச்சருக்கு மனசு வெண்ணெய். கரும்பலகை முன்னால் ஒரு பிள்ளை கொஞ்சம் திணறினால் போதும், முதல் வரியை அவரே எழுதிவிடுவார். வகுப்பே ‘நத்தை’ என்று பேர் வைத்திருந்த பெண்ணுக்கோ இரண்டாம் வரியும் இலவசம். பிள்ளை நின்று தவிக்கக் கூடாதே என்ற இரக்கம்தான்.

அந்த இரக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா, கண்ணுகளா? பரீட்சையில் முதல் வரி எழுதித் தர ஆளில்லாமல் நத்தை முட்டை வாங்கினாள். “அந்தப் பொண்ணை ஒரு வகுப்பு கீழ இறக்கிடலாமா? நாளைக்குள்ள சொல்லுங்க” என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் அவளைத் தனியே அழைத்து, பூப்போலத்தான் விஷயத்தைச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“எனக்கு மட்டும் ஏன் டீச்சர் எப்பவும் பாதி போட்ட கணக்கு? முழுசா ஒண்ணு குடுத்துப் பாத்தீங்களா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கடைசிப் பாடவேளை. ஒரு தொட்டி, ஒரு குழாய் மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்? எழுதிவிட்டு நத்தையிடம் சாக்பீஸை நீட்டினார். தன் வாயை நம்ப முடியாமல் ஒரு பெப்பர்மிண்டைப் போட்டு அடைத்துக்கொண்டார்.

“ஏ நத்தை, டீச்சர் வாயில மிட்டாய்! இன்னிக்கு உன் பாடு அம்போதான்!” என்று கத்தினான் கடைசி பெஞ்சுப் பையன்.

“சும்மா இருடா, வாயாடி” என்றாள் நத்தை.

அவள் மூன்றையும் ஆறையும் கூட்டி ஒன்பது என்று எழுதினாள். டீச்சரின் கை பரபரத்தது. அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மிட்டாய் கரைந்துகொண்டே போனது.

“ரெண்டு குழாய் தெறந்தா சீக்கிரமில்ல நெறையணும்? இதெப்படி ஒம்பதாச்சு?” என்று முணுமுணுத்தவள், தானே அழித்தாள். ஒரு தொட்டி வரைந்து ஆறு கட்டமாகப் பிரித்தாள். “பெருசு மணிக்கு ரெண்டு கட்டம், சிறுசு ஒண்ணு... ஆக மூணு...”

மணி அடித்தது. ஒருவரும் பையைத் தூக்கவில்லை.

“சீக்கிரம் சொல்லுடி, எனக்குப் பசிக்குது!” என்றான் வாயாடி.

“ரெண்டு மணி நேரம்!”

ஓவென்று கூச்சல். டீச்சர் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார். “அவ எங்கேயும் போகலைம்மா. எங்கிட்டதான் இருப்பா.”

மறுநாள் பலகையில், அதே தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை.

“ஐயோ, இது இன்னும் கஷ்டமா இருக்கே டீச்சர்!”

“உனக்குன்னுதான் போட்டேன்” என்று டீச்சர் பெப்பர்மிண்ட் பொட்டலத்தைப் பிரித்தார்.