மூன்று பொட்டலம்

மத்தியானச் சோற்று நேரத்தில் கணக்கப்பிள்ளை வெள்ளைத்துரை சினிமாப் பத்திரிகையை உரக்க வாசிப்பார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். மெட்ராசில் ஒரு ரசிகர் சங்கம் வருஷந்தோறும் நடிகர்களுக்குப் பரிசு கொடுத்துவந்தது. அந்த வருஷம் யார் யாருக்கு என்பதைச் சாத்தூரை அடுத்த அந்த ஊரிலேயே தீர்த்துவிட்டார்கள்.

"கதாநாயகனுக்கு நம்ம ஆளுதான். அந்தச் சாகுற சீனு ஒண்ணு போதாதா?" என்றாள் ராமுத்தாய்.

"போன வருசமும் செத்தாரு. குடுத்தானுகளா?" என்றாள் அய்யம்மாள்.

"இந்த வருசம் நல்லாச் செத்திருக்காருடி."

கதாநாயகிக்கும் ஆள் முடிவாகிவிட்டது. துணை நடிகையில்தான் இழுபறி. போட்டியில் இருந்த மூவரின் படமும் அந்த சீசனில் கம்பெனித் தீப்பெட்டி லேபிளில் வந்திருந்தது. ஒருத்தி கையில் கிளி, ஒருத்தி கையில் ரோஜா, மூன்றாமவள் கையில் விளக்கு. சினிமாப் பெயர்கள் வாயில் நுழையாததால் கிளிக்காரி, ரோசாக்காரி, விளக்குக்காரி என்றே பேசினார்கள்.

"கிளிக்குத்தான் கெடைக்கும். எளுதி வச்சுக்கோங்க" என்றார் வெள்ளைத்துரை.

எல்லோரும் பாலம்மாளைப் பார்த்தார்கள். விளக்குக்காரி அவள் மகள் குருவம்மாள்.

பாலம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

விருதுநகர்ப் பொங்கலுக்கு வந்த நாடகக் கம்பெனியோடு குருவம்மாள் போனபோது, தகப்பன் ஆண்டிச்சாமி, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்த்து, "நாலு பேரு மெச்சிப் பரிசு குடுக்கட்டும். அப்பத்தான் மிதிப்பேன்" என்றாள். காளியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னாள். கோபத்தில் சொன்னது ஆறிப்போகும். அம்மனைப் பார்த்துச் சொன்னது எப்படி ஆறும்? அன்றிலிருந்து ஆண்டிச்சாமி மகள் பெயரை வாயெடுத்துச் சொன்னதில்லை. வீட்டில் ஒட்டுவதற்காகப் பாலம்மாள் லேபிள் கட்டைக் கொண்டுவந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். அவள் பசை தடவி மகளின் முகத்தைப் பெட்டி பெட்டியாக ஒட்டுவாள். விரல் நெற்றியில் படும், கன்னத்தில் படும். காலையில் அத்தனையும் லோடு ஏறிப் போய்விடும்.

"பூக்கட்டிப் பாத்துருவோம் மதினி. ஆத்தா சொல்லட்டும்" என்றாள் ராமுத்தாய்.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போட்டுப் பார்ப்பார்கள். சினிமாவுக்கு யாரும் பார்த்ததில்லை. அன்று ராத்திரி வீட்டில் பாலம்மாள் மூன்று லேபிள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைத் திருநீறு வைத்து, காகிதத்தில் சதுரமாக மடித்து நூல் சுற்றினாள். செம்பில் போட்டுத் துணியால் மூடிவைத்தாள். ஆண்டிச்சாமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பூசாரி பலவேசம் செம்பை வாங்கிக் குலுக்கி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

விளக்கு.

பெண்கள் குலவை போட்டார்கள். "இனி கிளியாவது காக்காயாவது!" என்று ராமுத்தாய் பாலம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மிச்சப் பொட்டலங்களைப் பிரிக்காமல் தண்ணீரில் விட வேண்டும் என்பது வழக்கம். பாலம்மாள் அவற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தனியாகப் போனாள்.

அங்கேதான் கையைப் பார்த்தாள். நூல் இல்லை. காகிதத்தின் இரண்டு முனையையும் இறுக்கமாக முறுக்கியிருந்தது. வெடிக்குத் திரி வைத்து முறுக்குகிற முறுக்கு. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வருஷக்கணக்காக அதே வேலை பார்க்கும் ஒரு கையை அவளுக்குத் தெரியும்.

பிரித்தாள். விளக்கு. இன்னொன்றையும் பிரித்தாள். அதிலும் விளக்கு.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மன் ஒன்றும் சொல்லவில்லை என்பது புரிந்தது. அதைவிட, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் இத்தனை நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது புரிந்தது. இரண்டு முகங்களையும் தண்ணீரில் விடக் கை வரவில்லை. மடியில் கட்டிக்கொண்டாள்.

வீட்டில் ஆண்டிச்சாமி பீடியைப் பற்றவைத்தபடி யாரையோ கேட்பதுபோலக் கேட்டான். "என்ன வந்துச்சாம்?"

"வெளக்கு."

"ம்."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல் வாங்கிவந்து ஊறப்போட்டான். தானே திருகிவைத்த ஒன்றை ஒருவன் நம்ப முடியுமா என்று அவள் யோசித்தாள். முடியும்போலத்தான் இருந்தது. கிணற்றடியில் அத்தனையும் பார்த்துவிட்டு வந்த அவளே, அன்று காலை மகளுக்குப் பிடித்த கருப்பட்டி கொஞ்சம் வாங்கிப் பானையில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மெட்ராசில் பரிசளிப்பு விழா. சனிக்கிழமை விடிந்ததும் ஆண்டிச்சாமி வாசல் சுவருக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தான். நிலைப்படிக்கு வலது பக்கம் முடிந்தபோது சாத்தூர் பஸ் வரும் சத்தம் கேட்டது. பேப்பர் அதில்தான் வரும். சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைச் சட்டியில் போட்டுவிட்டு டீக்கடைக்கு நடந்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. கடைக்காரர் வாசிப்பார்.

பாலம்மாள் வாசலில் நின்றாள். திரும்பி வரும்போது அவன் வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. குனிந்து மட்டையை எடுத்தான்.

"கிளியா, ரோசாவா?" என்று கேட்டாள்.

"கிளி."

மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது. பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மெல்லத் திரும்பினான்.

"வெளக்கான்னு நீ கேக்கலையே."

அவள் மடியை அவிழ்த்து, கசங்கிய இரண்டு லேபிள்களையும் அவன்முன் நீட்டினாள்.

"முறுக்குனது ஒங்க கைதான. எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு நாளும் பார்க்க மாட்டேன் என்றிருந்த முகத்தை அவன் பகல் வெளிச்சத்தில் பார்த்தான். தொடவில்லை. விரலெல்லாம் சுண்ணாம்பு.

"கன்னம் ஒட்டிப்போச்சு" என்றான்.

"படத்துல அப்பிடித் தெரியும்."

தெருவில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள் இவர்களைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு கடந்தார்கள். ராமுத்தாய்கூட நிற்கவில்லை.

"ஏ பிள்ள," என்றான் ஆண்டிச்சாமி. "அவ வராட்டி என்ன. நாம போவமா?"

"எங்கன?"

"மெட்ராசுக்கு."

"மெட்ராசுல எங்கன?"

அவள் காத்திருந்தாள், தன்னிடம் இல்லாத பதில் அவனிடம் இருக்கலாம் என்பதுபோல. ஊரே அறிந்த முகம். அது எந்தத் தெருவில் எந்த வீட்டில் தூங்கி எழுகிறது என்று இருவருக்கும் தெரியாது.

நிலைப்படிக்கு வலது பக்கச் சுவர் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் பழைய கரிப்புகையோடு நின்றது. அவன் மட்டையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான்.

"அடிங்க" என்றாள் பாலம்மாள். "கரைச்ச சுண்ணாம்பு இறுகிப் போயிரும்."

அவன் மட்டையை முக்கினான்.