குரங்குக் குட்டியின் உதட்டோரம்

அந்தக் குரங்குக் குட்டியைச் செய்தது என் வீட்டுக்காரர். அருங்காட்சியகத்தில் செத்த விலங்குகளைப் பாடம் செய்து உயிருள்ளது போல நிறுத்துகிற வேலை அவருக்கு. அவர் போன பிறகு எனக்கு. அந்தக் காலத்தில் எங்கோ காட்டில் சுட்டு, தோலை உரித்து, பாஷாணம் தடவிக் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிராணியை உயிரோடு பார்த்தே இராத மனுஷன் அதற்கு முகம் வைக்க வேண்டும். தெரியாத முகத்துக்கு எங்கே போவார்? தெரிந்த முகம்தான் கையில் வரும். எங்கள் தொழிலில் சகஜமான தப்பு இது.

குட்டிக்கு வந்தது எங்கள் மகளின் முகம். அவள் காய்ச்சலில் இறந்த கையோடு செய்தது. இடது உதட்டோரம் மட்டும் மேலே ஏறுகிற அதே சிரிப்பு. எங்கே ஓடிவிடப் போகிறாள், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவளை ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை நாங்கள். தூசி தட்டுகிற சாக்கில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

புதிதாக வந்த அதிகாரிக்கு அது பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, மனுஷப்பிள்ளை மாதிரி சிரிக்குது? இந்த இனத்துக்கு உதடு இப்படி வளையாது. சரி பண்ணுங்க. முடியலன்னா புதைச்சிடலாம், விஷம் தடவினது வேற."

பெரிய கண்டுபிடிப்பு! ஒருமுறை புதைத்தது போதாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஈரப் பஞ்சை வைத்து உதட்டை ஊறவைத்தேன். தோல் இளகியதும் ஓரத்தை இறக்கி, ஊசி குத்திக் காயவிட்டேன். மறுநாள் ஊசியெல்லாம் தரையில் கிடந்தது. சிரிப்பு பழையபடி உதட்டில். காயும்போது தோல் இழுக்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நூலால் தைத்தேன். அதுவும் நிற்கவில்லை. நூல் அறுந்திருந்தால் பரவாயில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது. பயமா சந்தோஷமா, சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்குக் குழி வெட்ட ஆள் வருது" என்றார் அதிகாரி.

அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் குட்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"என் தங்கமே, இந்த ஒரு தடவையாவது அம்மா பேச்சைக் கேளுடி. சிரிக்காதே. உன்னை மண்ணுக்குள்ள போட்டுடுவாங்க. அந்த ஆளு பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் நாள்பூரா சிரி."

ஊசியும் இல்லை, நூலும் இல்லை. விரலால் உதட்டை இறக்கிவிட்டு வந்தேன். காலையில் இறக்கியபடியே இருந்தது.

"அட, இப்பத்தாம்மா குரங்கு மாதிரி இருக்கு! இங்கேயே இருக்கட்டும்" என்று அதிகாரி குழி வெட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பினார். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை காத்திருந்தேன்.

"போயிட்டாருடி கண்ணு. இப்போ சிரி."

குரங்குதான் உட்கார்ந்திருந்தது. பஞ்சை நனைத்து வைத்தேன். விரலால் உதட்டைத் தூக்கினேன்; விட்டதும் இறங்கிவிட்டது. கெஞ்சினேன், திட்டக்கூடச் செய்தேன். உயிரோடு இருந்தவரை நான் சொன்ன ஒரு பேச்சையும் கேட்காத பெண், இதை மட்டும் கேட்டுக்கொண்டாள்.