கம்பளத்தில் மீன் குழம்பு

1

இந்தக் கதை என் வீட்டுக் கம்பளத்தில் சிந்திய காபியிலிருந்து வந்தது. கறை போய்விட்டது. வாடை போகவில்லை. பால் அடிவரை இறங்கிப் புளித்துவிட்டது. தேய்க்காதே, ஒற்றி எடு என்றார்கள். ஒற்றினேன். ஆப்ப சோடாவைத் தூவி இரவெல்லாம் விடு என்றார்கள். விட்டேன். காலையில் புளித்த வாடையோடு சோடாவும் இருந்தது. வேறு எதைப் பற்றியும் எழுத முடியவில்லை. ஆகவே இது.

முதல் வரி: "மைசூரில் அன்று மழை." வேண்டாம்.

இன்னொன்று: "கம்பளம் என்பது ஒரு நினைவு." இதை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

மூன்றாவது: "அவள் காபியைச் சிந்தியபோது"

சிந்தியபோது என்ன? ஒன்றுமில்லை. காபி சிந்தியதால் யாரும் வீட்டை இழப்பதில்லை.

ஆகவே மீன் குழம்பு.

2

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் ராஜலக்ஷ்மி, பூர்வீகம் மேல்கோட்டை, ஐயங்கார் குடும்பம். மாடியில் குடியிருப்பவர்கள் காளியப்பனும் அவன் மனைவி சோனியாவும், தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். வீட்டில் மீனோ கறியோ சமைத்தால் அந்த மாதமே காலி செய்ய வேண்டும். இதுதான் நிபந்தனை. பல தெருக்களில் 'இல்லை' என்று கேட்ட பிறகு கிடைத்த வீடு. தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

கூடத்தில் சுவருக்குச் சுவர் வெளிர்நிறக் கம்பளம். ராஜலக்ஷ்மியின் மகன் பாச்சு, மாடியில் குடியிருந்த காலத்தில் பசை போட்டு ஒட்டியது. (மொட்டை மாடியில் போட்டு அலசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் பசை.)

ஞாயிற்றுக்கிழமை. ராஜலக்ஷ்மி மேல்கோட்டைக்குப் போயிருந்தார். மாலைதான் வருவார் என்று நினைத்து மீன் வாங்கினார்கள். காளியப்பன் குழம்புச் சட்டியோடு கூடத்துக்கு வந்தான். சட்டி அவன் கையிலிருந்து

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை.

"டிவி முன்னாடி உக்காந்தாத்தான் சோறு எறங்குமாக்கும்?" என்றாள் சோனியா.

"கத்தாத. துணி எடு."

"எந்தத் துணி? உங்க சட்டையக் கழட்டுங்க."

3

ஒற்றியிருக்க வேண்டும். தேய்த்தார்கள். குளிர்ந்த நீர் ஊற்றியிருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றினார்கள். காளியப்பன் ஆப்ப சோடாவையும் சோப்புத் தூளையும் கொட்டிக் குழைத்தான். மஞ்சள் கறை சிவந்தது. பிறகு இன்னும் சிவந்தது.

"என்ன மாமா இது, ரத்தமாட்ட?"

"மஞ்சளு. சோப்புப் பட்டாச் செவக்கும்."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"போட்ட பொறகு தெரிஞ்சுது."

(எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும், வாடையும் ஓரளவு குறையும். பழம் குளிர்பெட்டியில் இருக்கிறது. நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கதை இங்கேயே நின்றுவிடும்.)

வாடைக்கு ஊதுபத்தி. மைசூரில் எந்த வீட்டிலும் அதற்குக் குறைவில்லை. சோனியா ஒரு கட்டு முழுவதையும் கொளுத்தினாள். கூடத்தில் இப்போது மல்லிகையும் மீனும்.

4

ராஜலக்ஷ்மியிடம் எனக்குச் சிக்கல். முதலில், "மூக்கைச் சுளித்தபடி நுழைந்தார்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். போன மாதம் சோனியாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து மாடியேறி வந்தவர் இவர். நல்லவராகவும் இருக்கிறார், நிபந்தனையும் போடுகிறார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் எனக்கு வேலை எளிது. மாட்டேன் என்கிறார்.

மதியமே திரும்பிவிட்டார். புகையைப் பார்த்து மாடிக்கு வந்தார்.

"என்னடா காளியப்பா, ஹோமமா? பொகை கீழாத்து வரைக்கும் வரது."

"பூசைங்கம்மா."

உள்ளே இரண்டடி வைத்தார். பாதம் ஈரத்தில் பட்டது. குனிந்து பார்த்தார்.

"ஐயோ ராமா, என்னடா இது செவப்பா?"

"ஆரத்திங்கம்மா," என்றான் காளியப்பன். "தட்டு கை தவறிருச்சுங்க."

(இந்தப் பொய் என் திட்டத்தில் இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி. நிறம் அப்படியே இருந்தது. அவன் வாய் என் பேனாவை முந்திவிட்டது.)

"ஆரத்தியா? யாருக்கு?"

காளியப்பன் சோனியாவைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"இவளுக்குத்தாங்க."

"ஹௌதா, நெஜமாவா!" ராஜலக்ஷ்மியின் முகம் மலர்ந்தது. "உண்டாயிருக்கியாடி? ஒரு வார்த்தை சொல்லலையே! எத்தனை மாசம்?"

"அவரையே கேளுங்கம்மா," என்றாள் சோனியா. "எல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

"மூணுங்க."

சோனியா அவனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

ராஜலக்ஷ்மியின் நெற்றி சுருங்கியது. "சுத்தினப்புறம் கொட்டித்தா, முன்னாடியா? சுத்தின ஜலம் ஆத்துக்குள்ள கொட்டப்படாது. திருஷ்டி."

"முன்னாடிதாங்கம்மா. சுத்தவே இல்லீங்க."

"அப்போ சரி. மங்கள ஜலம்தான். அடடா, மிதிச்சுட்டேனேடா."

குனிந்தார். காலில் பட்டதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள.

5

முடிவு அ. கை முகத்துக்கு வருகிறது. மீன் வாடை. அந்த மாதமே காலி. சாமான் கட்டும் காட்சியை எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய காட்சி. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ. ஊதுபத்தி காப்பாற்றுகிறது. வீடு நிலைக்கிறது. ஆனால் இன்னும் ஆறு மாதத்தில் அவர்கள் ஒரு குழந்தையைக் காட்ட வேண்டும்.

முடிவு இ. வாடை தெரிகிறது, தெரியாததுபோல் இறங்கிப் போகிறார். உங்களுக்குப் பிடித்தது இதுதான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு யோசித்தேன். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றியாக இருவரும் ஆயுசுக்கும் மீனைத் தொடாமல் இருக்க வேண்டும். அது மன்னிப்பு அல்ல, வாடகை.

6

மூன்று முடிவுகளிலும் தவறு செய்தேன். மூக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு புகையில் யார் மூக்கும் வேலை செய்யாது. கை மூக்கைக் கடந்துவிட்டது. அது கண்ணுக்குப் போகிறது.

குழம்பில் மிளகாய்த்தூள் தாராளம். சோப்பு அதை எடுக்கவில்லை.

சோனியாவுக்கு இது என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஆரத்தியில் மிளகாய் போடுவாரில்லை. சொல்லாவிட்டால் வீடு இருக்கும். காளியப்பன் அவள் முழங்கையைப் பிடித்திருக்கிறான். அவள் வாய் திறந்துவிட்டது.

"அம்மா"

அடுத்த சொல் என்னிடம் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சீக்கிரம்.