நானும் அதிபரும் சொன்ன பொய்

அமெரிக்காவின் பனி மூலையான வெர்மாண்டில், ஊரார் எல்லாரும் கூடி ஓட்டுப் போடும் எங்கள் ஊர்க்கூட்டம் மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். அந்த வருடம் மொத்தம் இருபத்திரண்டு தீர்மானங்கள். பனி தள்ளும் லாரியை மாற்றுவதா, இன்னொரு குளிர்காலம் ஓட்டுவதா என்பது ஒன்பதாவது. அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கட்டிப்போடாத நாய்கள் பதினெட்டாவது. அதற்கு இரண்டு பேர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அடிதடிக்கு எழுந்து நின்றார்கள். நாட்டின் அதிபரைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்வது இருபத்திரண்டாவது. அதற்குள் சாப்பாட்டுக்கு வந்த பீன்ஸ் சட்டி காலியாகி, பூசணிப் பணியாரமும் தீர்ந்து, பாதிப் பேர் கையுறையைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் ஓடெட். அவள் மகன் ரெமி போன ஜூலையில் செத்துப்போனான், இருபத்திரண்டு வயது. ராணுவம் அனுப்பிய கடிதத்தில் "பயிற்சி விபத்து" என்று இருந்தது. எந்த இடம் என்று கேட்ட கட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ரெமி சாகுமுன் அனுப்பிய போட்டோவில் ஈச்ச மரமும் மணலும் இருந்தன. வெர்மாண்டில் நான் எண்பத்தொரு வருடமாக இருக்கிறேன், ஒரு ஈச்ச மரத்தையும் சந்தித்ததில்லை. அக்டோபரில் பத்திரிகைகள் அதிபர் கையெழுத்துப் போட்ட ஆணையையே அச்சடித்தன. பையன்களை அந்தப் பாலைவனத்துக்கு ரகசியமாக அனுப்பியது அவர்தான். "நாட்டின் நன்மைக்காகத்தான் யாரும் அங்கே இல்லை என்று சொன்னேன்" என்றார் அதிபர். சொல்லிவிட்டு கோல்ஃப் ஆடப் போனார்.

கூட்டத் தலைவர் வின்ஸ்லோ தீர்மானத்தைப் படித்தார். போர் விஷயத்தில் மக்களிடம் பொய் சொன்ன அதிபரைப் பதவி நீக்கும் விசாரணையைத் தொடங்கும்படி நம் பிரதிநிதிக்கு இந்த ஊர் எழுதலாமா என்பது சாரம்.

முதலில் எழுந்தவன் ஹார்லன். ஓடெட்டின் செத்துப்போன கணவனுக்கு அண்ணன். ரெமியை ராணுவத்தில் சேர்க்க வண்டியில் அழைத்துப்போனவனும் அவன்தான்.

"ஓடெட், உன் வலி எனக்குத் தெரியாதா? ஆனா இது ரோடு போடற கூட்டம்மா. அதிபரை இறக்கறதுக்கு வாஷிங்டன்ல ஐநூறு பேர் சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அதுல ஒருத்தன் நம்ம ஓட்டுல போனவன். அவனுக்குச் சொல்லத்தான் கேக்கறேன்."

"திருடினான்னா இறக்கலாம். லஞ்சம் வாங்கினான்னா இறக்கலாம். நாட்டுக்காக ஒரு விஷயத்தை மறைச்சான். அதுக்கு இறக்குவாங்களா?"

"மறைக்கறவன் வாயை மூடிட்டு இருக்கணும்" என்றாள் ஓடெட். "இவன் மூணு தடவை டிவில நின்னு, நம்ம பையன் ஒருத்தன்கூட அங்க இல்லேன்னான். மூணாவது தடவை சொன்னப்ப ரெமி அங்க செத்து நாலு நாள்."

பிறகு பின்வரிசையில் ஒருவன், "பொய் சொல்லாத அதிபர் எவன்?" என்றான். இன்னொருத்தி, "ரெண்டே வருஷம்தானே, தேர்தல்ல பாத்துக்கலாம்" என்றாள்.

"அந்த ரெண்டு வருஷத்துல இன்னும் எத்தனை பையன்? எண்ணிச் சொல்லு, கேட்டுக்கறேன்" என்றாள் ஓடெட்.

தேர்தலைச் சொன்னவள் எண்ணவில்லை. கையுறையை எண்ணினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரிக்கு இரண்டு மணி நேரம் கொடுத்த ஜனங்கள், ரெமிக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பத்தொன்பது வருடம் இந்த ஊருக்கு நான்தான் ரோடு மேஸ்திரி. என் காலத்தில் சாலைகள் எப்படி இருந்தன என்றால், மேட்டுப் பண்ணையில் பாலை ஏற்றினால் ஊர் எல்லையில் வெண்ணெயாக இறக்கலாம். வெண்ணெய்க்கு விலை கூட என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. அந்த வேலையும் ஒரு பொய்யால்தான் போயிற்று. பத்து வருடத்துக்கு முன், ஓடைமேட்டுக் குழாய்ப் பாலத்தைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டார்கள். "பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு" என்றேன். பார்க்கவில்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மழையில் பாலம் போயிற்று, அதோடு ஹார்லனின் பசுவும் போயிற்று. இந்தக் கதையைப் பதினோரு விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் அந்தப் பசு நாலு மைல் நீந்திப் போய்ப் பக்கத்து ஊர்த் திருமணம் ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வரும். ஆனால் பசு செத்துப்போயிற்று.

கை தூக்கினேன்.

"எம்மெட், கதை கிதை வேண்டாம்" என்றார் வின்ஸ்லோ.

"கதை இல்ல தலைவரே. ஊர்ப் பதிவேடு." கூட்டக் குறிப்பு எழுதுபவளிடம் அந்த வருடப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். "என்னை இறக்கின அன்னிக்கு ஹார்லன் பேசினது இதுல இருக்கு. படிக்கறேன். 'பாலம் போனா கட்டிக்கலாம். பொய் சொன்னவனை வெச்சுக்கிட்டு அடுத்த பாலத்து மேல எவன் வண்டி ஓட்டுவான்?' எண்பத்தேழு பேர் ஆமாம்னீங்க. எனக்காக ரெண்டு கை எழும்பிச்சு. ரெண்டும் என் கை. ஒண்ணைத்தான் எண்ணினாங்க."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாட்டுக்கே இந்தச் சட்டம்னா மனுஷனுக்கு என்னய்யா சட்டம்? ஒரு திருத்தம் கொடுக்கறேன், எழுதிக்கோம்மா. போர்ல பொய் சொன்னது பதவியைப் பறிக்கற குத்தமில்லேன்னு இந்த ஊர் முடிவு பண்ணினா, அதே நியாயப்படி என்னை இன்னிக்கே திரும்ப ரோடு மேஸ்திரி ஆக்கணும்."

யாரோ ஒருவன் வழிமொழிந்தான். கையுறை மாட்டியவர்கள் கழற்றினார்கள். மேட்டுப் பண்ணைக்காரி, "கடவுளே, இவனா?" என்றாள். வின்ஸ்லோ திருத்தத்தோடு தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார். ஆதரவு எண்பத்து நாலு, எதிர்ப்பு முப்பத்தொன்று. என் சாலைக்குப் பயந்து நாட்டின் அதிபரையே இறக்கிவிட்டார்கள். கைதட்டல், விசில், என் முதுகில் அடி. "கிழவா, நீ மட்டும் இல்லேன்னா!" என்றான் ஒருவன்.

ஓடெட் மட்டும் உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்றாள்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"எம்மெட், நீ எனக்கு நல்லது பண்றதா நெனச்சே. என் பையனுக்காக இங்க ஒருத்தனும் கை தூக்கல. உன் ரோட்டுப் பள்ளத்துக்குப் பயந்து தூக்கினாங்க. அவன் செத்ததை வெச்சு ஒரு ஜோக்குப் பண்ணி ஜெயிச்சிருக்கோம். எனக்கு இந்த ஓட்டு வேண்டாம்."

"ஓடெட், நீ ஜெயிச்சாச்சும்மா" என்றார் வின்ஸ்லோ.

"ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க மறு ஓட்டுக் கேக்கலாம்னு விதி இருக்கா, இல்லியா?"

வின்ஸ்லோ விதிப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "இருக்கு" என்றார்.

"கேக்கறேன். அந்தத் திருத்தம் இல்லாம. வேண்டாம்னு சொல்றவங்க என்னைப் பாத்து வேண்டாம்னு சொல்லுங்க."

என் வாழ்க்கையில் நிறையத் தடவை கூட்டத்துக்கு நடுவில் வாயைத் திறந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்க முடியாமல் நின்றது அன்றுதான். "திருத்தத்தை வாபஸ் வாங்கறேன்" என்று கையால் ஜாடை காட்டினேன். எழுதுபவள் அதை ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

மறு ஓட்டுக்கு ஹாலை இரண்டாகப் பிரித்தார் வின்ஸ்லோ. ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம், எதிர்ப்பவர்கள் சமையல்கட்டுப் பக்கம். ஓடெட் ஜன்னல் பக்கம் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டு, நடந்து போகிற ஒவ்வொருவரையும் பார்த்தாள். சிலர் அவளைப் பார்த்தார்கள். நிறையப் பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். சமையல்கட்டுப் பக்கம் நாற்பத்தொன்பது. ஜன்னல் பக்கம் அறுபத்தொன்று. நாலு பேர் கழிப்பறைக்குப் போனவர்கள், தீர்மானம் முடியும்வரை திரும்பவில்லை. ஹார்லன் நாற்காலியை விட்டு எழவே இல்லை. கைகள் கோட்டுப் பையில், கண் தரையில்.

"நிறைவேறியது" என்றார் வின்ஸ்லோ. யாரும் கைதட்டவில்லை. ஓடெட் கோட்டை எடுத்துக்கொண்டு தன் பீன்ஸ் சட்டியைக் கழுவப் போனாள். நான் துடைக்கத் துணியை எடுத்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

எழுதுபவள் அன்றைய இருபத்திரண்டு தீர்மானங்களையும் ஒரே உறையில் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினாள். ஜூன் மாதம் பதில் வந்தது. நான் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன், இது அதில் சேராது. கடிதத்தை நூலகத்தில் ஒட்டியிருக்கிறார்கள், போய்ப் படிக்கலாம். பனி தள்ளும் லாரி பற்றிய எங்கள் அக்கறைக்கு நன்றி என்றும், மலைச்சாலைகளின் முக்கியத்துவத்தை எங்கள் பிரதிநிதி நன்கு உணர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தது. ரெமி பற்றி ஒரு வரி இல்லை. அதிபர் பற்றி அரை வரி இல்லை. கீழே இயந்திரம் போட்ட கையெழுத்து.

ஓடெட் அதைக் கடைசிவரை படித்தாள். "சரி" என்றாள். ஜனவரியில் அதே தீர்மானத்தை மறுபடி எழுதினாள், இந்தத் தடவை அதை மட்டும் தனி உறையில் அனுப்ப வேண்டும் என்று சேர்த்து. கூட்டத்தில் வைக்க இருபது கையெழுத்து வேண்டும். முதல் வீடாக என்னிடம் வருவாள் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். ஆனால் முதல் வரி நிரம்பியிருந்தது.

"இது யாரு?" என்றேன். படிக்க முடியவில்லை.

"ஹார்லன்."

"அவன் கையெழுத்து இப்படி இருக்காதே."

"அழுத்திப் போட்டான்" என்றாள் ஓடெட்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பேனா அதைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்திருந்தது.