எறும்பு மொய்த்த பாட்டில்

பாட்டிலைக் கீழே வைத்த ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்புறம், காலை ஏழு மணி. வீட்டுக்கும் தெரியக்கூடாது, கம்பெனிக்கும் தெரியக்கூடாது என்று அன்புசெல்வனே பிடித்த இடம்.

“இது உங்க யூரினா சார்?” என்றாள் கிரேஸ்.

“டிபி மாத்திர போட்டா ஆரஞ்சா போவும்னு நீதானே சொன்ன? பாத்துக்க.”

“எறும்பு ஏறுதே.”

“எனக்கு சுகரும் இருக்கு சிஸ்டர்.”

“ஜூஸ் பவுடர் வாசனை அடிக்குது. ஜூஸ்னா ஒரு மடக்கு குடிங்க. யூரின்னா வேணாம்.”

அவன் குடிக்கவில்லை. வேறு பக்கம் பார்த்தான்.

நோயாளி மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, அட்டையில் டிக் போடுவது தன்னார்வலரான கிரேஸின் வேலை. இரண்டு வாரமாக அவன் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி, அவள் தலை மறைந்ததும் துப்பியிருக்கிறான்.

“ஏன் துப்புறீங்க?”

“கம்பெனி கேட் பக்கத்துலதான் யூரினல். வாட்ச்மேன் வெங்கடேசன் எட்டிப் பாப்பான்.”

“யாரு பாக்கச் சொன்னது?”

பதில் அவளுக்கே தெரியும். மூன்று வருடம் முன்பு அந்த இரும்புக் கம்பி கம்பெனியில் சூப்பர்வைசர் அன்புசெல்வன் வாட்ச்மேனுக்குப் போட்ட உத்தரவு அது. ஆரஞ்சாகப் போகிறவனைப் பிடி. அப்படித்தான் லோகு பிடிபட்டான். ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட்டில் அத்தனை பேர் முன்னால், அவன் பையைத் தரையில் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பாவோடு மாத்திரை அட்டையும் விழுந்தது. வேலை போன லோகு அதன்பிறகு மாத்திரையைத் தொடவில்லை. ஐந்தாவது மாதம் கல்லறைக்குப் போனான்.

“ஃபர்னஸ்ல லோகுன்னு ஒருத்தன் இருந்தானே, ஞாபகம் இருக்கா?”

அன்புசெல்வனின் முகம் மாறியது. “நீ...”

“அவனோட அக்கா.”

கொஞ்ச நேரம் இருமினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அப்ப டிக் போட்டுட்டுப் போயினே இரு. நான் செத்தா உனக்கு நிம்மதிதானே.”

“உன் பேரு என் லிஸ்டுல வந்த அன்னிக்கு அதான் நெனச்சேன்.” மரியாதை கழன்றுவிட்டது. “ஆனா நீ ஊட்டுக்குள்ள சத்தமில்லாம சாவ. கேட்ல உன் போட்டோவுக்கு மாலை போட்டு, நல்ல மனுசன்னு சொல்லுவானுங்க. அது எனக்கு வேணாம். நீ உயிரோட இருக்கணும்.”

மாத்திரைகளை நீட்டினாள்.

“உன் பொண்ணுக்கு மூணு வயசு. ரெண்டு வாரமா அவ மூஞ்சி மேல இருமிக்கினு இருக்க. துப்புனத டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுவேன். குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்தாவணும். முழுங்கு.”

விழுங்கினான்.

“வாயத் தொற. நாக்கத் தூக்கு. கன்னத்த விரிச்சுக் காட்டு.”

காட்டினான்.

பத்தே முக்காலுக்கு கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவன்போல அன்புசெல்வன் விறுவிறுவென்று யூரினலின் தகரத் தடுப்புக்குள் நுழைந்தான். வெளியே வந்தான். பழக்கதோஷத்தில் வெங்கடேசன் எட்டிப் பார்த்தார்.

“சார்... ஆரஞ்சா இருக்கு.”

லாரியில் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கம்பிக் கட்டுகளின் பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. “ரூல்ஸ்படி பையக் கொட்டுண்ணா.”

யாரோ சிரித்தார்கள். அன்புசெல்வனின் கண் ரோட்டைத் தாண்டி வந்தது. கிரேஸ் டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“என்னுதுதான்,” என்றான். “டிபி. மாத்திர சாப்பிடறேன். இனிமே எவனையும் எட்டிப் பாக்காத வெங்கடேசா.”

டீக்கடை வரை கேட்டது. கிரேஸ் அட்டையைப் பிரித்தாள். பழைய பதினான்கு டிக்குகளையும் கோடு போட்டு அடித்தாள். இன்றைய தேதியில் ஒன்று போட்டாள். பிறகு போன் செய்தாள். கேட்டருகே நின்றபடியே அவன் எடுத்தான்.

“நாளையிலேர்ந்து சைக்கிள் ஸ்டாண்ட் வேணாம் சார். லோகுவோட பையக் கொட்டுன எடத்துக்கே வந்துடறேன். ஆறு மாசம். ஒரு நாள் லீவு கெடையாது.”