பகலில் பார்த்த வீடு

தம்பி வீடு பார்த்ததெல்லாம் காலையில்தான். அட்டைப்பெட்டி கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்ததும், தலையில் அட்டைத் தூசியோடு நேராகப் போய்ப் பார்ப்பான். சின்ன ஊர். வாடகைக்கு விடும் வீடுகளே குறைவு, அவன் சம்பளத்துக்குள் அடங்குகிறவை அதைவிடக் குறைவு. ஒரு வீட்டில் கழிப்பறைக்குக் கதவு இல்லை. இன்னொன்றில் கதவு இருந்தது, கழிப்பறை இல்லை. "கட்டிக்கிட்டே இருக்கோம் சார்," என்றார் வீட்டுக்காரர். கொண்டுவந்து போட்ட செங்கல்லின்மேல் பாசி பிடித்திருந்தது.

அவன் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, அதில் ஒன்றுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அது அக்காவுக்கு.

புருஷனோடு ஒத்துவராமல் வந்த நாளிலிருந்து அக்கா அண்ணன் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகு மெத்தையை விரிக்க வேண்டும், அண்ணி எழுந்து வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அண்ணி கெட்டவள் இல்லை. வீடு சின்னது, வாய் பெரிது, அவ்வளவுதான். அக்கா போனில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "டேய், கதவைச் சாத்திக்கிட்டு, யாரும் எழுப்பாம, கண்ணு நிறையத் தூங்கணும்டா. வேற எதுவும் வேணாம்."

ஊரில் இருந்த ஒரே ரத்தப் பரிசோதனை லேப்பில் அவளுக்கு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டான். வீடுதான் பாக்கி.

புரோக்கர் கடைசியாகக் காட்டியது ஒரு பேக்கரியின் மாடி. கீழே ஷட்டர் இறங்கியிருந்தது. படியேறும்போது சூடான பன் வாசனை அடித்தது.

"வாசனைக்கே தனியா வாடகை வாங்கலாம் சார்," என்றார் புரோக்கர்.

"சத்தம் கித்தம் இருக்குமா? நான் பகல்ல தூங்குற ஆளு."

"பகல்லயா?" என்றாள் வீட்டுக்காரம்மா. "ஒரு ஈ பறக்காது தம்பி."

"அப்புறம் ஏம்மா வாடகை இவ்வளவு கம்மி?"

"மாடி ஏறணுமே," என்றாள் வீட்டுக்காரம்மா. புரோக்கர் அந்த நேரத்தில் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பின் அறைத் தரையில் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தான். அப்படியே தூங்கிப் போனான். புரோக்கர் தோளைத் தட்டி எழுப்பினார். "வீடு பிடிச்சிருக்குன்னு இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல சார்."

அக்கா வந்த அன்று பின் அறைத் தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், நான் செத்தாக்கூட கதவை உடைச்சுத்தான் எடுக்கணும்!"

"முன்பணம் போயிடும்க்கா. வெளிய வந்து சாவு."

அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் படிக்கட்டில்தான். அவன் ஏறுவான், அவள் இறங்குவாள். பகலில் அவள் கட்டிலிலேயே அவனும் படுத்துக்கொள்வான். கட்டில் கால்களுக்கு அடியில் பழைய துணியை மடித்துச் செருகியிருந்தாள். தரையில் கீறல் விழாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னாள். "ராத்திரி கீழ என்னமோ தடதடங்குதுடா. தரையே நடுங்குது. முன் ரூமுக்குப் போனாலும் விடமாட்டேங்குது."

"புது இடம்ல, அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

அவனுடைய வார விடுமுறை, ஊரில் கடைகள் அடைக்கும் நாள். அன்று இரவு அவன் வீட்டில் இருந்தான். எந்தச் சத்தமும் இல்லை. "எங்கக்கா உன் தடதட?"

"உன்னப் பாத்ததும் அடங்கிப் போச்சு போல."

"அண்ணி போட்ட சத்தத்துலயே தூங்கினவ நீ. வீட்டைக் குறை சொல்லலேன்னா உனக்குச் சாப்பாடு இறங்காதே!"

கேலியாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். "கண்ணுக்குக் கீழ என்னக்கா கறுப்பு?" என்று ஒருமுறை கேட்டான். "மை தீட்டினேன், வழிஞ்சுடுச்சு," என்றாள். அவள் மை தீட்டி அவன் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் இறங்கிப் போனாள்.

லேப்பில் அவள் வேலை, ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டுவது. ஒருநாள் இரண்டு பேரின் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள். டாக்டர் சந்தேகப்பட்டுத் திரும்ப அனுப்பியதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேலை மட்டும் போனது.

"நான் போய்ப் பேசிப் பாக்கவா?"

"வேணாம்டா. அவங்க செஞ்சது சரிதான். நாளைக்கு உனக்கே அப்படி மாத்தி ஒட்டினா?"

வேறு வேலைக்கு அலைந்து பார்த்தாள். அந்த ஊரில் ஒன்றும் அமையவில்லை. பெட்டியைக் கட்டினாள். "ஹால்ல அண்ணி தையல் மெஷின் போட்டுட்டாளாம். எனக்கு இனிமே மெஷினுக்கு அடியிலதான் படுக்கை," என்றாள்.

பஸ் கிளம்புவதற்கு முன்பே ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தன்னோடு பேசப் பிடிக்காமல் மூடிக்கொள்கிறாள் என்று தம்பி நினைத்தான். கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவன் ஷிப்ட் முடிந்து வந்தபோது பேக்கரிக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் மாவு.

"அக்காவ எங்கப்பா காணோம்?"

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும் அவங்கள?"

"தினமும் வந்து படியில உக்காருவாங்களே. பாதி ராத்திரிக்கு மேல நாங்க மாவு மெஷின் ஓட்டுவோம், மேல எப்படித் தூங்குறது? முதல் தட்டுல ஒரு பன் எடுத்துக் குடுப்பேன். வாயில வச்ச பன்னோட தூங்கி விழுவாங்க."

தம்பி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

"மெஷின நிறுத்தினா காலைல கடைங்களுக்கு என்னத்தக் குடுக்கிறதும்மான்னேன். பரவால்லன்னாங்க. தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அலைஞ்சு திரிஞ்சு பிடிச்ச வீடுன்னாங்க. வாரம் கடைங்க அடைக்கிற அன்னைக்கு மட்டும்தான் எங்களுக்கு லீவு. அன்னைக்குத்தான் பாவம் தூங்குவாங்க."

காலையில் பன் சூடாக இருக்க வேண்டுமென்றால் அதற்கு மாவை எப்போது பிசைய வேண்டும்? இராத்திரி முழுக்க வேலை செய்கிறவன் அவன். அவனுக்கே தோன்றவில்லை.

மேலே போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வேற வீடு பாக்குறேன். இந்தத் தடவை ராத்திரியில போய்ப் பாக்குறேன்."

"திருடன்னு கட்டி வச்சு உதைப்பாங்கடா." கிசுகிசுத்தாள். "மெதுவாப் பேசு. காலை வேலைய முடிச்சுட்டு அண்ணி இப்பத்தான் கண்ணசந்தா."

"நீ வர்றியா?"

"வந்து? ஊருக்கே ஒரு லேப்பு. அதையும் நான்தான் கெடுத்துக்கிட்டேன்."

"நீ கெடுக்கல."

"சரி, யாரோ கெடுத்தாங்க." குரலை இன்னும் தாழ்த்தினாள். "பன் அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

"கேட்டேன்னு சொல்லு. வைக்கவா? எழுந்துக்கிறா போல இருக்கு."

தம்பி பின் அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தான். கட்டில் கால்களுக்கு அடியில், அதிர்வைத் தாங்க அவள் செருகிய துணி அப்படியே இருந்தது. கீழே எல்லோரும் வேலை முடிந்து போயிருந்தார்கள். வீட்டுக்காரம்மா பொய் சொல்லவில்லை, ஒரு ஈ பறக்கவில்லை. வேறு வீடு பார்க்க வேண்டும் என்று நினைத்தான். யாருக்காக என்ற கேள்வி வருவதற்குள் தூங்கிவிட்டான்.