பதினோராம் நம்பர் டாக்ஸிக்கு ஒரு எஞ்சின்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது. மலையாள எல்லைக்குள் இருக்கும் வண்டன்மேட்டில் டாக்ஸி ஓட்டும் பவுல்ராஜின் பழைய காரிலிருந்து வந்த சத்தம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், உள்ளே யாரோ சுத்தியலால் டொக் டொக்கென்று அடிப்பார்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். "கிராங்கே போச்சு. வேற இஞ்சின் பாரு" என்று முடித்துவிட்டார். அவருக்கு ஒரு வரியில் தீர்ந்தது. நான் மூன்று மாதமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

முதல் ஆரம்பம்: 'மலைமுகட்டில் மூடுபனி மெல்ல இறங்கிய அந்தக் காலையில் பவுல்ராஜ்—'

சை! பனியாவது மண்ணாவது. வண்டி நின்றுபோனவன் கண்ணுக்குப் பனியா தெரியும்?

இரண்டாவது: 'எஞ்சின் என்பது வாழ்க்கையின்—'

வேண்டாம். எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

மூன்றாவது: ஸ்டாண்டில் பவுல்ராஜுக்குப் பதினோராம் நம்பர். சேர்ந்தாற்போல் முப்பது நாள் வண்டி வராவிட்டால் அந்த இடம் அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். அது ஸ்டாண்டு சட்டம். காத்திருப்பவன் ஜிபி, புதுக் காரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறான். பவுல்ராஜுக்கோ வேறு தொழில் தெரியாது. வண்டி நின்று இருபத்திரண்டு நாளாகிவிட்டது.

இது போதும். இங்கிருந்தே போகலாம்.

2.

கம்பத்தில் ஒரு எஞ்சின் இருப்பதாகச் சொன்னார்கள். பவுல்ராஜ் போய்ச் சேர்வதற்குள் விற்றுவிட்டது. தேனியில் ஒன்று, அது வேறு மாடல், பொருந்தாது. கோயம்புத்தூரில் நாலு கிடந்தன, ஆனால் பில் தர மாட்டார்களாம். பில் இல்லாமல் புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் எப்படி ஏற்றுவது? பஸ் மாறி மாறி அலைந்ததில் அவன் செருப்புகூட அறுந்துவிட்டது. (முதல் பிரதியில் இந்த அலைச்சல் ஆறு பக்கம். தலைவலி வந்ததுதான் மிச்சம். வெட்டிவிட்டேன்.)

இருபத்தைந்தாம் நாள் தகவல் வந்தது. கோயம்புத்தூருக்குத் தெற்கே, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பழைய வண்டி உடைக்கும் ராஜசேகரிடம் அதே மாடல் எஞ்சின் ஒன்று இருக்கிறது, பில்லும் உண்டு.

அன்று அவன் மனைவி ரோசி சோறு போட்டபடி சொன்னாள்: "வாங்கி ஒன்றரை மாசத்துல இஞ்சின் போகுதுன்னா, வித்தவருக்குத் தெரியாமலா இருந்துருக்கும்?"

"ஏய், சும்மா கிட. ஞாயித்துக்கிழம தவறாம விடியக்கால ஒண்ணாம் பூசைக்குப் போற மனுஷன். அவரச் சந்தேகப்பட்டாப் பாவம் பிடிக்கும்."

[இந்த இரண்டு வசனங்களையும் மூன்று முறை வெட்டினேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.]

3.

சரி. விற்றவன் நான்தான்.

சத்தம் எனக்கு முன்பே தெரியும். கெட்டி ஆயிலை ஊற்றினால் ஒரு மாதம் அடங்கிக் கிடக்கும் என்பதும் தெரியும். ஊற்றினேன். பிறகு எங்கள் வேதக்கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, பங்குச் சாமியாரை அழைத்து முதலில் மந்திரிக்கச் சொன்னேன். தீர்த்தம் தெளித்த வண்டியை எங்கள் ஆட்கள் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாமியையே சொன்ன மாதிரி. அதற்கப்புறம்தான் ஓட்டிக் காட்டினேன். கோயிலிலிருந்து ஏலச் சந்தை வரை ஒரே இறக்கம், எஞ்சினுக்கு வேலையே இல்லை. கீழே டீ வாங்கிக் கொடுத்து, சாவியையும் கொடுத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி பஸ் ஏறினேன்.

"ஒரு தடவ ஏத்தத்துல—" என்று அவன் வாயெடுத்தான். பிறகு கண்ணாடியில் இருந்த தீர்த்தத் துளியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அந்த வாக்கியத்தை முடிக்காதவன் அவன்தான், நானில்லை.

இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.

4.

பழைய எஞ்சினை எடைக்குப் போடுவதற்காக வாடகைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பவுல்ராஜ் ராஜசேகரிடம் கிளம்பினான். கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டான்.

"நான் எதுக்குப்பா?"

"நீங்க கூட வந்தா ஒரு ராசிண்ணே."

எப்படி இருக்கும் எனக்கு? ஏறி உட்கார்ந்தேன்.

ராஜசேகர் பழைய எஞ்சினின் அடி நட்டைக் கழற்றினார். ஆயில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்னுங்க வெல்லப்பாகாட்டம் வருது? சத்தத்த அமுக்கறதுக்குன்னே ஊத்தியிருக்கறாங்க. ஆருகிட்டீங்க வாங்குனீங்க?"

"இந்தா நிக்காரே, எங்க அண்ணன்ட்டதான்" என்றான் பவுல்ராஜ். "அவர்ட்ட வித்தவன் செஞ்ச வேலையா இருக்கும். அவரு கத எழுதுற மனுஷங்க, இஞ்சினப் பத்தி என்ன தெரியும்? பாவம், அவரும் ஏமாந்துட்டாரு."

ராஜசேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பவுல்ராஜுக்காக நல்ல நல்ல வசவாக எழுதிப் பார்த்தேன். நான்கு பிரதி. எதையும் சொல்ல மாட்டேன் என்கிறான். அட, ஒரு வார்த்தை திட்டித் தொலையேன்டா!

5.

முடிவு அ: நான் அங்கேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி— பொய். சொல்லவில்லை.

முடிவு ஆ: ரோசி என் வீட்டு வாசலில் வந்து நின்று, தெருவே கேட்க— வரவில்லை. வந்திருந்தால் நிம்மதி.

நடந்தது இதுதான். வாங்கிய எஞ்சின் கச்சிதமாகப் பொருந்தியது. இருபத்தொன்பதாம் நாள் காலை பவுல்ராஜ் ஸ்டாண்டில் தன் இடத்தில் வண்டியை நிறுத்தினான். ஜிபி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டான். மதியமே பவுல்ராஜ் என் வீட்டுக்கு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, கோயில் ஏற்றத்தில் ஏற்றினான்.

"கேளுங்கண்ணே, சத்தமே இல்ல பாத்தீங்களா?"

உம் கொட்டினேன்.

இவ்வளவையும் துணிந்து எழுதிவிட்டானே என்று என்னை மெச்சாதீர்கள். பவுல்ராஜுக்குப் பேச்சுதான் தமிழ். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். ரோசிக்கும் அப்படித்தான். அந்த வீட்டில் ஒருவருக்கும் இந்த எழுத்து தெரியாது. தெரிந்தேதான் தமிழில் எழுதினேன்.

உங்களுக்கு இந்த எழுத்து தெரியும். வண்டன்மேடு பக்கம் வந்தால் பதினோராம் நம்பரில் ஏறுங்கள். இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். என்னால் முடியவில்லை. நீங்களும் வாசிக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் என்னை ஏற்றிப்போக வருவான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான்.